“ஸ்பாய்லர் இல்லை, ஆனா…”னு ஆரம்பிக்கிற புண்ணியவான்களுக்கு

“ஸ்பாய்லர் எதுவும் சொல்லலை மக்களே, பயப்படாம படிங்க. ஆனா ஒண்ணு, 41ஆவது அத்தியாயத்துக்குப் போறப்ப மட்டும் கைக்குட்டை பக்கத்துல இருக்கட்டும்.” கூடவே மூணு அழுகை பொம்மை.

முடிஞ்சது ஜோலி. வருஷக்கணக்கா வாயைப் பிளந்துகிட்டு காத்திருந்த மாயாஜால நாவல் சீரிஸோட ஆறாம் பாகம் வெளிவந்து ஒரு ராத்திரிகூட ஆகலை, அதுக்குள்ள இந்த ரிவ்யூ. யார் பேரையும் சொல்லலையாம், அதனால ஸ்பாய்லர், அதாவது கதையைப் போட்டு உடைக்கற கணக்குல வராதாம்.

ஐயா புண்ணியவானே, நீங்க பண்ணின காரியத்தைக் கொஞ்சம் நிதானமா பிரிச்சுப் பார்ப்போமா? கைக்குட்டை எடுக்கச் சொல்றது ஜலதோஷத்துக்கு இல்லைனு எல்லாருக்கும் தெரியும். 41ல யாரோ முக்கியமான ஆள் காலி. சரி, அப்படின்னா அதுக்கு முந்தி இருக்கற 40 அத்தியாயத்துல பெருசா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. 17ல ஒருத்தி பாலத்துலேர்ந்து விழறா. 29ல ஒருத்தன் கிண்ணத்துல விஷம் கலக்கறாங்க. ஆசிரியர் ஒவ்வொரு பக்கமா உட்கார்ந்து கட்டின பதற்றம் அத்தனையும் புஸ்ஸுனு போச்சு. விழட்டுமே, எழுந்து வந்துடுவா, 41க்கு இன்னும் 24 அத்தியாயம் இருக்கேனு கொட்டாவி விட்டுக்கிட்டே பக்கத்தைத் திருப்பலாம்.

இதோட போச்சா? இந்த சீரிஸ்ல ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பே யார் பார்வையில கதை நகருதோ அந்த ஆளோட பேர்தான். படிக்கறவங்க எல்லாருக்கும் இது தெரியும். இ-புக்ல உள்ளடக்கத்தைத் தட்டினா மொத்த வரிசையும் வரும். பல சமயம் இலவச மாதிரியிலயே முழுசா வந்துடும். சாதாரணமா யாரும் அதை உத்துப் பார்க்கமாட்டாங்க. ஆனா 41னு ஒரு நம்பரைக் காதுல போட்டாச்சே, இனி கை சும்மா இருக்குமா? போய்ப் பார்த்தா, கதையில குருவோட சிஷ்யையா வர்றவளோட பேர். சரி, அவ பார்த்து அழற மாதிரி யாரோ சாகறாங்க. அஞ்சு பாகமா அவளை ஒட்டிக்கிட்டே திரியறது மூணே ஜீவன்: குரு, தம்பி, குதிரை. 46ஆவது அத்தியாயத்துக்குத் தலைப்பு தம்பி பேர். ஆக, தம்பி பிழைச்சான். மிச்சம் குருவும் குதிரையும். பாதிக்குப் பாதி. அந்தப் பாதி நம்பிக்கையைப் பிடிச்சுக்கிட்டாவது படிக்கலாம்னா, ரெண்டாவது புண்ணியவான் வந்து ஒரு வரி எழுதறார்: “குதிரைக்கு ஒண்ணும் ஆகலை, அதுவரைக்கும் நிம்மதி!”

அடப்பாவிங்களா! ரெண்டு பேருமே சத்தியமா ஸ்பாய்லர் சொல்லலை. ஆளுக்குப் பாதிப் பாதியா சேர்ந்து குருவைக் கொன்னுட்டாங்க. போதாக்குறைக்கு மூணாவதா ஒருத்தர், “ஏன் யாருமே குருவைப் பத்திப் பேச மாட்டேங்கறீங்க?”னு அப்பாவியா கேக்கறார். அவருக்கு நாலு பேர் வாயில விரல் வச்ச பொம்மை போட்டு பதில் சொல்றாங்க. எவ்வளவு ரகசியம் காக்கறாங்க பாருங்க.

2005 ஜூலையில ஹாரி பாட்டர் ஆறாம் பாகம் வந்தப்போ, யார் யாரைக் கொன்னதுங்கறதைப் படிக்காதவங்க காதுல போய் ஊதறதையே விளையாட்டா வச்சிருந்த ஒரு கூட்டம் இருந்துச்சு. (இன்னும் படிக்காத யாராவது இருப்பீங்க, நான் சொல்லமாட்டேன்.) அவங்க அயோக்கியங்கதான். ஆனா நேர்மையான அயோக்கியங்க. கெடுக்கணும்னே வந்தாங்க, கெடுத்தாங்க, போயிட்டாங்க. அவங்களைத் திட்டிட்டு மனசை ஆத்திக்கலாம். இவங்களைத் திட்டினா, “நான் என்ன சொன்னேன், கைக்குட்டைனுதானே சொன்னேன்”னு முகத்தைத் தூக்கி வச்சுக்கறாங்க.

“யாரையும் நம்பாதீங்க”, “கடைசி 50 பக்கம் வேற லெவல்”, “ஒரு திருப்பம் இருக்கு, நான் சொல்லமாட்டேன்” எல்லாமே இதே ஜாதிதான். திருப்பம் இருக்குனு சொன்ன நிமிஷமே திருப்பம் செத்துடும். படிக்கறவன் கதையை விட்டுட்டு, காவல் ஆய்வாளர் மாதிரி ஒவ்வொருத்தனையும் சந்தேகமா பார்க்க ஆரம்பிப்பான். நல்ல ஆசிரியர் துப்புகளை முந்தின பாகத்துலேர்ந்தே தூவி வச்சிருப்பார், சந்தேகக் கண்ணோட போனா நூறாவது பக்கத்துலயே மாட்டிக்கும். அப்புறம் “கதை ஊகிக்கற மாதிரி இருந்துச்சு”னு ஒரு ஸ்டாரைக் குறைப்பாங்க. இருக்காதா பின்ன?

எச்சரிக்கை போடறதுக்கு ஒண்ணும் பெரிய படிப்பு வேண்டாம். எதுவரைக்கும் படிச்சவங்க இதைப் பார்க்கலாம்னு முதல் வரியில சொல்லணும்: “5ஆம் பாகம் முழுசா, 6ஆம் பாகம் 20ஆம் அத்தியாயம் வரை.” வெறுமனே “ஸ்பாய்லர் அலர்ட்”னா எந்தப் பாகத்துக்குனு யாருக்குத் தெரியும்? இப்பத்தான் ரெண்டாம் பாகத்துல இருக்கறவனும் உலகத்துல உண்டு. அடுத்து, எச்சரிக்கை போட்ட அதே மூச்சுல விஷயத்தை உளறக்கூடாது. போன்ல வர்ற அறிவிப்புல முதல் ஒண்ணு ரெண்டு வரி தானா தெரியும், “ஸ்பாய்லர்! குரு போயிட்டார்”னு எழுதினா முழுசும் அதுக்குள்ள அடங்கிடும். நாலு வெத்து வரி விட்டுட்டு எழுதுங்க. தலைப்புல எதையும் வைக்காதீங்க, தலைப்பை மறைக்க வழியே இல்லை. கறுப்புப் பட்டை போட்டு மறைச்ச வரியை இன்னொருத்தர் மேற்கோளா எடுத்துப் போட்டா, பல இடத்துல பட்டை கழண்டு வரி மட்டும் பல்லிளிக்கும். முக்கியமா, அத்தியாய நம்பர், பக்க எண், சதவீதம் எதையும் வாயைத் திறந்து சொல்லாதீங்க. “78 சதவீதத்துல உடைஞ்சு போயிட்டேன்”னா அதுவும் 41தான்.

சரி, இவங்களாவது படிச்சுட்டு உளறினாங்க. படிக்காமலே ஸ்டார் போடறவங்களை என்ன பண்றது? கணக்கு போடுங்க. இந்த மாதிரி குண்டுப் புத்தகம் ஒண்ணு சுமார் 4 லட்சம் வார்த்தை. நிமிஷத்துக்கு 250 வார்த்தைனு வச்சா 1,600 நிமிஷம், அதாவது 26 மணி 40 நிமிஷம். தூங்காம, கண்ணைச் சிமிட்டாம. நள்ளிரவுல விற்பனைக்கு வந்த புத்தகத்துக்கு விடிகாலையில “ஏமாற்றம், ஒரு ஸ்டார்”னு தீர்ப்பு சொல்றவர் எந்த யோகத்துல இருந்தார்? பக்கத்துலயே இன்னொருத்தர், “இன்னும் ஆரம்பிக்கலை, ஆனா அட்டை செம” அஞ்சு ஸ்டார். அட்டைப்பெட்டி நசுங்கி வந்ததுக்கு ஒரு ஸ்டார் இன்னொருத்தர். பெட்டியையா ஆசிரியர் எழுதினார்? எல்லாம் ஒரே சராசரியில போய் விழுது. ஒன்பது பேர் அஞ்சு போட்டு, பத்தாவது ஆள் பெட்டிக்காக ஒண்ணு போட்டா, 5 அப்படியே 4.6க்கு இறங்கிடும்.

இது இன்னிக்கு வந்த வியாதியும் இல்லை. வீல் ஆஃப் டைம்ங்கற மாயாஜால நாவல் வரிசையோட 14ஆவது, கடைசிப் பாகம் 2013 ஜனவரியில வந்துச்சு. முதல் பாகம் 1990ல வந்தது. எழுதின ராபர்ட் ஜோர்டான் 2007லயே இறந்துட்டார், அவர் விட்டுட்டுப் போன குறிப்புகளை வச்சு பிராண்டன் சாண்டர்சன் முடிச்சுக் கொடுத்தார். 23 வருஷத்துக் கதை முடியுது. வாசகர்கள் என்ன பண்ணினாங்க? இ-புக் ஏப்ரல்லதான் வரும்னு அறிவிச்சதுக்காக வரிசையா ஒரு ஸ்டார் குத்தினாங்க. உள்ள என்ன இருக்குனு ஒரு பக்கம்கூடப் பார்க்காம! கோபம் நியாயம்னே வச்சுக்குவோம், அதைப் பதிப்பாளருக்கு எழுதுங்களேன்.

நியாயமான கோபமும் உண்டு, இல்லைனு சொல்லலை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவல் வரிசையை எழுதற ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2005ல நாலாம் பாகத்தைக் கொண்டுவந்தப்போ முக்கியப் பாத்திரங்களான ஜான், டெனெரிஸ், டிரியன் மூணு பேர் பார்வையிலயும் ஒரு அத்தியாயம்கூட இல்லை. கதை நீண்டுபோச்சு, பாதி ஆட்களை அடுத்த பாகத்துக்குத் தள்ளிட்டேன்னு விளக்கம் புத்தகத்தோட கடைசியில இருந்துச்சு. கடைசியில! முன்னாடி சொல்லித் தொலைச்சிருந்தா அடுத்தது வந்துடுவான், அடுத்தது வந்துடுவாள்னு எண்ணிக்கிட்டே போயிருக்க வேண்டாமே. அடுத்த வருஷமே வந்துடும்னு அதே குறிப்புல ஆசைப்பட்டார், வந்தது 2011ல. அதுக்குக் கத்தினவங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனா நம்ம ஆறாம் பாகத்தைப் படிச்சுட்டு “யாரு இந்த ஆளு, திடீர்னு வந்து பேசறான்?”னு கத்தறவங்களைச் சொல்வேன். மூணாம் பாகத்துல 200 பக்கம் வந்தவன்யா அவன்! மறந்துபோனா புத்தகத்தோட பின்பக்கம் பெயர்ப் பட்டியல் இருக்கும், முந்தின பாகத்துக் கடைசி நூறு பக்கத்தையாவது புரட்டலாம். ஆசிரியர் ஒவ்வொரு பாகத்துலயும் முன்கதைச் சுருக்கத்தைப் பாத்திரங்கள் வாயில திணிச்சா அப்பவும் நீங்கதான் “ஒரே இழுவை”னு எழுதுவீங்க.

“என் ஹீரோ இப்படி இல்லை” கோஷ்டிக்கு ஒரே வார்த்தை: அவன் உங்க ஹீரோ இல்லை. அர்சுலா லெ குவின் 1972க்கு அப்புறம் 18 வருஷம் கழிச்சு தன்னோட எர்த்ஸீ நாவல் வரிசைக்குத் திரும்பி வந்து, மாபெரும் மந்திரவாதியை மந்திரமே இல்லாத ஆளா ஆடு மேய்க்க அனுப்பினார். முகம் சுளிச்சவங்க நிறைய. எனக்கு அந்த நாலு புத்தகத்துலயே துணிச்சலானது அதுதான். பேசினா இன்னும் பேசிக்கிட்டே போவேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். குரு செத்ததைக்கூட ஏத்துக்கலாம். அந்த ஆறாம் பாகத்து அட்டையைப் பார்த்தீங்களா? அஞ்சு பாகத்தையும் ஒரே உயரத்துல, ஒரே வடிவத்துல போட்டுட்டு, இதை மட்டும் அரை அங்குலம் உயரமா அடிச்சு வச்சிருக்காங்க. அலமாரியில மேல் தட்டு இடிக்குது. முதுகுல இருக்கற எழுத்தோட பாணியும் மத்த அஞ்சு மாதிரி இல்லை. சரி, தொலையட்டும்னா, அட்டையில டிராகன் முகத்துக்கு மேலயே வட்டமா, ஸ்டிக்கர் மாதிரி, “விரைவில் தொடராக!” ஓரம் தூக்குதானு நகத்தால நோண்டிப் பார்க்காதீங்க, அட்டைதான் கிழியும். அது ஸ்டிக்கரே இல்லை. நிழல் எல்லாம் வரைஞ்சு, அச்சடிச்சு வச்சிருக்கானுங்க!