‘எல்’ எண் இருந்தால் 1963 கிட்டாரா?

பழைய ஃபெண்டர் எலெக்ட்ரிக் கிட்டாரின் பின்பக்கத் தகட்டில் ‘எல்’ என்று தொடங்கும் எண் இருந்தால் அது 1963இல் செய்ததுதான், வேறு எதையும் பார்க்காமல் விலை பேசலாம் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது சரியல்ல.

‘எல்’ எண்கள் 1962இன் கடைசியிலிருந்து 1965 வரை வந்தவை. அதிலும் தகடுகளை வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். அப்புறம், அந்தத் தகடு நான்கே திருகில் நிற்பது. ஒரு கிட்டாரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட எவ்வளவு நேரமாகும்? எண் தோராயக் கணக்குக்குத்தான் உதவும் என்று ஃபெண்டர் நிறுவனமே தன் இணையதளத்தில் சொல்கிறது.

ஆண்டை நெருங்க வேண்டுமென்றால் உள்ளே பார்க்க வேண்டும். நெக்கின், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியின், அடிமுனையில் பென்சிலிலோ முத்திரையாகவோ தேதி இருக்கும். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் ‘பாட்’ (pot) என்ற மின்பாகம் இருக்கும், குமிழைத் திருகினால் ஒலியை மாற்றுவது அதுதான். அதன் முதுகிலும் எண் உண்டு: 1376612 என்றால் 137 அதைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 66 என்பது 1966ஆம் ஆண்டு, 12 அந்த ஆண்டின் 12ஆவது வாரம். இவையும் அந்தந்த உதிரிபாகம் செய்த தேதிகளே. கிட்டார் அதற்குப் பிறகுதான் உருவாகியிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் நம்பலாம்.

இதைப் பார்க்க நீங்களே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். உள்ளே கம்பிகளை ஒட்டிய பழைய சால்டர் (உலோகப் பற்று) யாரும் தொடாமல் இருந்தால் அதற்கும் விலை உண்டு, விவரம் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். அந்த ஃபார்வர்டை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.