குடல் புற்றுநோய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லையா?

“குடல் புற்றுநோய் மரபணுவிலேயே எழுதப்பட்டது, எதைச் சாப்பிட்டாலும் ஒன்றும் மாறாது” என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

லிஞ்ச் சிண்ட்ரோம் போன்ற வலுவான பரம்பரைக் கோளாறுகளால் வருவது சுமார் 5 சதவீதம்தான். உணவு மரபணுவின் எழுத்தை மாற்றிவிடாது. எந்த மரபணு எப்போது வேலை செய்யும் என்பதில் தலையிடுகிறது. நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் உருவாகிறது. குடல் சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து, மரபணு வேலை செய்ய வழிவிடும் அசிட்டைல் என்ற வேதிக் குறிகளை அகற்றும் நொதிகளையும் அது தடுக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த குடல் புற்றுநோய்ச் செல்களில் இப்படி பி21 என்ற மரபணு தூண்டப்பட்டு, செல் பெருகுவது நிற்கிறது. எனக்கு இதில் பெரிய வியப்பு உண்டு.

சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்றுநோய் ஆபத்து, ஏற்கெனவே இருக்கும் அளவைவிட சுமார் 18 சதவீதம் கூடும். உலக சுகாதார அமைப்பின் இணையதளத்தில் கேள்வி பதிலாகவே இருக்கிறது, பாருங்கள்.

நார்ச்சத்து சாப்பிட்டால் நோய் வரவே வராது என்றும் சொல்ல முடியாது. வயது, புகை, மது, உடல் எடை எல்லாம் சேர்ந்த கணக்கு இது. தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.