கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஊர் பார்க்க வருவதில் என்ன குறைச்சல்?

மெரினா மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்ட ஒரு வெளியூர்க் குடும்பத்தைக் கேலி செய்து ஒருவர் எடுத்துப் போட்ட வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதை இங்கே பகிரப் போவதில்லை. அந்த அம்மாவின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. பாக்குமட்டைத் தட்டோடு மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகமும் தெரிகிறது. "மெட்ராஸுக்கு டூர் வந்தும் புளிசோறுதானா" என்று எழுதிப் போட்டவருக்கு அது அரை நிமிட வேடிக்கை. கீழே கமென்டில் போய்ச் சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் உள்ளவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஊர் பார்க்க வருவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

நால்வர் உள்ள குடும்பத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாடு சுமாரான ஓட்டலில் ஒருவருக்கு 130, 150 ரூபாய். தண்ணீர் பாட்டில், பிள்ளைகள் கேட்கும் ஜூஸ் எல்லாம் சேர்ந்தால் ஒரு வேளைக்கே 700 ரூபாய் தாண்டும். அந்த 700 ரூபாய் தி.நகரில் ஒரு நல்ல காட்டன் சேலை. அல்லது இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட ஷூ. மதியச் சோற்றை வீட்டிலிருந்து கொண்டு வந்தவர் இந்தக் கணக்கை ஊரிலேயே போட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார்.

சோறு கட்டுவதே ஒரு கைத்திறன். சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? முதல் நாள் ராத்திரி கட்டிய புளிசோறு மறுநாள் மதியம் வரை கெடாமல் இருக்க வேண்டும். சோறு உதிரியாக, வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைத்து வடிக்கப்பட்டிருக்க வேண்டும். அகலத் தட்டில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, முழுக்க ஆறவிட வேண்டும். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்க வேண்டும். அதில் தண்ணீர் நின்றால் மறுநாள் வாடை வந்துவிடும். சூட்டோடு டப்பாவை மூடினால் ஆவி வேர்த்து, மூடியிலிருந்து சொட்டி, மேல் சோறு நீர்த்துப்போகும். கெடுவது அங்கேதான் தொடங்கும். தயிர்சோற்றுக்குப் பால் ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்தால், மதியம் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும். முழுக்கத் தயிர் ஊற்றினால் வெயிலில் புளித்துப்போகும். தேங்காய்ச் சட்னி கொண்டு வரவே கூடாது. இட்லிக்குப் பொடியும் எண்ணெயும் தடவி வாழையிலையில் மடிப்பார்கள். இலையை முன்பே அனலில் வாட்டினால்தான் மடிப்பில் கிழியாது. இத்தனை வேலையையும் ராத்திரி 10 மணிக்கு மேல் செய்துவிட்டு வந்தவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள்.

"இந்தக் காலத்தில் பட்ஜெட்டில் சென்னை பார்க்க முடியாது, காசு இல்லை என்றால் வரக்கூடாது" என்று ஒருவர் பெரிய கமென்ட் எழுதியிருந்தார். அவருக்குப் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். முடியும். எல்லோரையும் மனதில் வைத்துத்தான் இந்த ஊரின் ரயிலும் பஸ்ஸும் மியூசியமும் கடற்கரையும் இருக்கின்றன. எதை எப்போது பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

தெற்கிலிருந்து வரும் அரசு பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. அந்த நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. அங்கே ஆட்டோக்காரரிடம் போகாமல், மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து மின்சார ரயில் ஏறுங்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் (மெரினா அல்ல, பாரிமுனைப் பக்கம்) வரை முழுத் தூரத்துக்கும் 10 ரூபாய்தான். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, நடந்து பார்க் டவுன் ஸ்டேஷன் போனால் பறக்கும் ரயில், அதாவது தூண்கள் மேல் ஓடும் மின்சார ரயில். திருமயிலையில் இறங்கினால் கபாலீசுவரர் கோயில் நடக்கிற தூரம். நாலு பேர் நாள் முழுக்க ரயிலிலேயே சுற்றினாலும் 200 ரூபாயைத் தொடாது. பெண்களுக்கு மாநகர சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணமே இல்லை. முன்னும் பின்னும் பிங்க் அடித்த பஸ் வந்தால் யோசிக்காமல் ஏறலாம். வெளியூர்ப் பெண்களுக்கும் அது பொருந்தும். கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வெளியூர்க்காரர்கள் மாட்டுவது வேறு இடத்தில். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிடுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கதவருகே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். பரிசோதகர் வந்தால் ஆளுக்குக் குறைந்தது 250 ரூபாய் அபராதம், டிக்கெட் வித்தியாசம் தனி. 2025 ஏப்ரலில் வந்த ஏசி மின்சார ரயிலிலும் இதே கதைதான். அதற்குக் குறைந்தபட்சமே 35 ரூபாய், சாதாரண டிக்கெட் செல்லாது. கணவரும் மனைவியும் சேர்ந்து மகளிர் பெட்டியில் ஏறிவிட்டாலும் கணவருக்கு அபராதம் உண்டு. ஒரு நாள் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு ஸ்டேஷனில் போய்விடும். இதை ரயில்வே பெரிய எழுத்தில் பிளாட்பாரத்தில் எழுதி வைக்கலாம்.

ஆட்டோவைத் திட்டித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 7 கிலோமீட்டர் என்றால் 87, 88 ரூபாய் வரும். கேட்பது 250. அந்த விலைக்கு இன்று ஓட்ட முடியாது என்று டிரைவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பையும் பிள்ளையுமாக நிற்கிற குடும்பத்திடம் மட்டும் ஏன் விலை ஏறுகிறது?

கிழமையைப் பார்த்துக் கிளம்புங்கள். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் மிருகக்காட்சி சாலை செவ்வாய்க்கிழமை விடுமுறை. மெரினா கலங்கரை விளக்கம் திங்கள்கிழமை விடுமுறை. கோயில்கள் மதியம் 12, 12.30-க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். ஆகவே காலையில் மயிலாப்பூர் கோயில். வெயில் ஏறும் நேரத்தில் எழும்பூர் மியூசியம். 1851-ல் தொடங்கியது, உள்ளே நடக்க நடக்கக் கட்டடங்கள் வரும். நேரம் குறைவாக இருந்தால் வெண்கலக் கூடத்துக்கு மட்டுமாவது போங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். மாலையில் மெரினா அல்லது தி.நகர், ஏதாவது ஒன்று. ஒரே மாலையில் இரண்டையும் திணித்தால் பிள்ளைகள் அழும், பெரியவர்கள் சண்டை போடுவார்கள், கடைசியில் ஆட்டோ பிடிக்க வேண்டி வரும்.

மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். ரயிலில் வந்தவர்களுக்கு சென்ட்ரலிலும் எழும்பூரிலும் பைகளை வைத்துவிட்டுப் போக க்ளோக் ரூம் இருக்கிறது. பையில் பூட்டு இருக்க வேண்டும், ரயில் டிக்கெட் காட்ட வேண்டும். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள்.

மெரினாவில் மீன் சாப்பிட ஆசைப்பட்டால் சாப்பிடுங்கள், அதற்குத்தானே வருகிறோம். எண்ணெயில் போடும் முன் துண்டு என்ன விலை என்று கேட்டு, எத்தனை துண்டு என்று சொல்லிவிடுங்கள். பொரித்த பிறகு கேட்டால் அவர் சொல்வதுதான் விலை. குதிரைச் சவாரிக்கும் அப்படியே. போக மட்டுமா, வரவும் சேர்த்தா என்பதை ஏறும் முன் பேசிவிடுங்கள். அம்மா உணவகம் 2013-ல் 1 ரூபாய் இட்லியோடு தொடங்கியது. சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சுற்றுலா வந்தவர் அங்கே சாப்பிடுவதையும் கேவலமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடான சோறு சூடான சோறுதான்.

"எல்லோரும் வீட்டிலிருந்து சோறு கொண்டு வந்தால் இங்கே கடை வைத்திருப்பவன் என்ன செய்வான்?" இதுவும் ஒரு கேள்வியாக வந்தது. அந்தக் குடும்பம் சாயங்காலம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் தி.நகரின் கடைத்தெருவான ரங்கநாதன் தெரு. மிச்சம் பிடித்தது அத்தனையும் அங்கேதான் போகும். கூட்டத்துக்குப் பயந்தால், ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை இருக்கிறது.

அங்கேயும் கண்ணைத் திறந்துதான் வாங்க வேண்டும். மலிவு விலைச் சேலைக்கட்டில் கைவைத்தால், உடுத்திக்கொள்ள ஐந்தரை மீட்டர் இருக்கிறதா என்று முழுக்கப் பிரித்துப் பாருங்கள். ப்ளவுஸோடு என்றால் ஆறு மீட்டருக்கு மேல் வர வேண்டும். மடிப்பு விழுந்த விளிம்பில்தான் சாயம் வெளுத்திருக்கும். அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு வாங்க, சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைப் பையில் போட்டு வந்தால் போதும், மேலே வைத்து அளந்துவிடலாம். அளவு மாறிப்போனால் மாற்றுவதற்காக 300 கிலோமீட்டர் திரும்பி வர முடியாது.

எவர்சில்வர் கடையில் ஒரு வேலை நடக்கும். கடைக்காரர் காந்தத்தை எடுத்துக் குடத்தின் அடியில் வைத்து, "பாருங்கக்கா, ஒட்டுதா? சுத்தமான சில்வர்" என்பார். காந்தம் ஒட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் நிக்கல் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 தரமும் பெரும்பாலும் ஒட்டாது, நிக்கல் கூடுதலாக உள்ள நல்ல 304 தரமும் ஒட்டாது. இரண்டுக்கும் விலை வேறு. 202 பாத்திரத்தில் புளியும் உப்பும் தங்கினால் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். காந்தத்தை நம்பாமல், என்ன தரம், கிலோ என்ன விலை என்று கேட்டு, எடை போடச் சொல்லி, தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை. மொத்தமாக வாங்க பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். மொத்த விற்பனைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

"இவர்கள் குப்பை போட்டுவிட்டுப் போகிறார்கள்" என்பவர்களுக்கு: போடக்கூடாது. போட்டால் தப்பு. அந்த வீடியோவில் அவர்கள் போடவில்லை. தட்டைக் கழுவப் பாட்டிலில் தண்ணீர் வைத்திருப்பது வரை தெரிகிறது. வாழையிலையும் பாக்குமட்டையும் மக்கிப்போகும். அடுத்த நாள் காலை மணலில் கிடக்கும் பிளாஸ்டிக் கப்பும் சிப்ஸ் பாக்கெட்டும் புளிசோறு சாப்பிட்டவர் போட்டவை அல்ல.

"பொது இடத்தில் வீடியோ எடுப்பது என் உரிமை" என்பவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் அம்மா சாப்பிடும்போது அறிமுகமில்லாத ஒருவர் எடுத்துப் போடட்டும், பிறகு பேசலாம்.

இவ்வளவு பெரிய ஊர், வெளியூரிலிருந்து வருகிறவர் உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழல் வைத்திருக்கிறதா? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். மெரினாவில் மதியம் நிழலுக்கு எங்கே போவது? மணலில் உட்கார்ந்தால் வேடிக்கைப் பொருள். ஓட்டலுக்குள் போனால் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. ரங்கநாதன் தெருவில் வயதானவர் ஐந்து நிமிடம் கால் நீட்ட ஒரு பெஞ்சு கிடையாது, கடைப்படியில் உட்கார்ந்தால் எழுந்திரு என்கிறார்கள். பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சுற்றுகிறார்கள். இதைச் சொன்னால் நாலு பேர் லைக் போடுவார்கள். ஒரு குடும்பம் சோறு தின்பதைப் போட்டால் ஊரே திரண்டு வந்து சிரிக்கிறது.

பரீட்சை முடிந்து பிள்ளைகளோடு கிளம்பப் போகிறவர்கள் கமென்டில் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், என்ன கிழமை, எத்தனை பேர் என்று எழுதினால் வழி சொல்கிறேன். இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் என்றால் மாம்பலத்திலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே தாம்பரத்துக்கு ரயில் ஏறிவிடுங்கள். ஞாயிறுகளில் ரயில் குறைவு, இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்கும் சோறு கட்டி வாருங்கள், இட்லிப் பொடியோடு.