கயிற்றை அறுக்க யாருக்கு உரிமை?

நேற்று விடிகாலை, யாங்கோனுக்கு அக்கரையில் இருக்கிற தலாவிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "கயித்த அறுத்துட்டானுங்கடா." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

பான்சோடான் துறையில் ஃபெர்ரி பிடித்து அக்கரை போய்ப் பார்த்தேன். கனௌங்டோ ஓடை வாய்ப்பக்கம் முப்பது வருஷமாக ஒரே முளையில்தான் அவர் தன் சம்பானை, அதாவது சின்னத் துடுப்புப் படகை, கட்டுவார். முளையும் அவர் அடித்ததே. அன்றைக்கு அங்கே சேறும் முள்ளும்தான், கரை யாருடையது என்று கேட்க ஆளில்லை. இப்போது தகர வேலி, உள்ளே ஒரு கிடங்கு. காவலாளி தா என்கிற பர்மாக் கத்தியால் வெட்டியிருக்கிறான். முளையில் மிச்சமிருந்த கயிற்றைச் சித்தப்பா கையில் கொடுத்தார். மூன்று புரியில் இரண்டு சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. மூன்றாவது நார் நாராகப் பிய்ந்திருந்தது. அதை அறுத்தது கத்தி இல்லை, வற்றம், அதாவது கடல் ஓதம் இறங்கும்போது வருகிற இழுப்பு. பெரிய ஓதக் காலத்தில் நம் யாங்கோன் ஆற்றில் தண்ணீர் 6 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றுகிற வேகத்தில் படகு மங்கி பாயிண்ட் பக்கம் போய்விட்டது. மீன்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள்.

காலையில் இதைப் போட்டதும் இரண்டு விதமாகக் கமெண்ட். "அவன் கரை, அவன் அறுத்தான்" என்று ஒருவர். "ஆறு பொது, எங்கே வேண்டுமானாலும் கட்டலாம்" என்று இன்னொருவர். ரெண்டு பேர் சொல்வதும் தப்பு.

பர்மா நீதிமன்றங்கள் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் வளர்ந்தவை. எழுதிய சட்டம் இல்லாத இடத்தில் நியாயத்தையும் மனசாட்சியையும் பார்த்துத் தீர்ப்புச் சொல் என்றது 1898 பர்மா சட்டங்கள் சட்டம். அப்படிப் பார்க்கும்போது நீதிபதிகள் கை போவது ஆங்கிலேய வழக்குகளுக்குத்தான். அந்த மரபில் ஆற்றில் போகிற உரிமை ரோட்டில் போகிற உரிமை மாதிரி. போகலாம், வரலாம், ஓதத்துக்குக் காத்திருக்கலாம், அதற்காகக் கொஞ்ச நேரம் நங்கூரமும் போடலாம். ஆனால் அடுத்தவன் கரையில் முளை அடித்து வருஷக்கணக்கில் கட்டிப்போடுவது அதில் சேராது. கரையில் நடந்து படகைக் கயிற்றால் இழுத்துப் போகக்கூடப் பொதுவான உரிமை கிடையாது என்று 1789லேயே அங்கே தீர்ப்பாகிவிட்டது. ஆகவே, சித்தப்பா கோபித்துக்கொண்டாலும் சரி, அந்த முளை விஷயத்தில் அவர் கேஸ் பலவீனம்தான்.

ஆனால் கத்தியின் கேஸ் அதைவிடப் பலவீனம். 1908 துறைமுகச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வேறு கப்பலுக்கு ஆபத்து என்கிற அவசரத்தில் கயிற்றை அறுக்கத் துறைமுகக் காப்பு அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. படகு எங்கே நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறவராக இருந்ததும் அவரே. கிடங்குக் காவலாளிக்கு அதில் இடம் இல்லை. கரை உன்னுடையது என்றால் ஆளைக் கூப்பிட்டு, நாள் கொடுத்து, எடுக்கச் சொல். ராத்திரி வற்றத்தில் வெட்டிவிடுவது அராஜகம்.

எனக்கு வயிற்றெரிச்சல் இன்னொன்றில். இந்த நாட்டு ஆறுகளில் போவதற்கு வழி கிடைப்பது என்றைக்குமே பாதி வெற்றிதான். பர்மாவின் மிண்டோன் ராஜா 1862 ஒப்பந்தத்தில் ஐராவதியில் மேலும் கீழும் போய் வியாபாரம் செய்ய வெள்ளைக்காரனுக்கு வழி விட்டார். 1865இல் ஐராவதி ஃபுளோட்டிலா கம்பெனி என்கிற வெள்ளைக்காரனின் கப்பல் கம்பெனி வந்தது. பிற்பாடு அதனிடம் 600க்கு மேல் கலங்கள் ஓடின. அத்தனையும் கரை அணைய ஊருக்கு ஊர் துறை பிடித்துக்கொண்டான். ஆற்றை ஆண்டது அந்தத் துறைகளை வைத்துத்தான். 1942இல் ஜப்பான்காரன் நெருங்கியபோது கம்பெனி தன் சொந்தக் கப்பல்களையே மூழ்கடித்தது. 1948இல் மிச்சத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கம்பெனி போய்விட்டது, ஆனால் சம்பான்காரனுக்குத் துறை அப்போதும் வரவில்லை.

2006 ஆறுகள் பாதுகாப்புச் சட்டம், தடை செய்த இடத்தில் படகை நிறுத்தாதே என்கிறது. சரி, நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்கிற இடத்தை யார் காட்டுவது? வார்டுக்கு ஒரு பொதுப் படகுத்துறை, நாலு முளை, சேறு வரைக்கும் இறங்கும் படி, ஒரு பலகை. வருஷச் சீட்டுக்குப் பணம் கேட்டாலும் கட்டிவிடுவார்கள். கிடங்குக்கு இடம் விடும்போதே இந்த நாலு முழத்தை ஒதுக்கிவைத்திருக்கலாம்.

ஜப்பான் கொடுத்த செர்ரி ஃபெர்ரி 2014லிருந்து ஓடுகிறது, தலாவுக்குப் பாலம் வேலையும் 2019இல் ஆரம்பித்தது, இனி சம்பான் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஓடைக்குள்ளே இருக்கிற வீட்டு வாசலுக்கு ஃபெர்ரி வராது. ராத்திரி வலி எடுத்தவளைத் தூக்கிப்போட சம்பான்தான் வந்தது. என் அம்மாவைக் கேளுங்கள், நான் பிறந்த கதையே அதுதான்.

இப்போதைக்குப் படகை ஒரு மீன்காரர் படகோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம். ஓதம் ஏறும்போது ரெண்டும் முட்டிக்கொள்கின்றன, நடுவில் கொடுக்க டயர் வேண்டும். பழைய லாரி டயர் இருக்கிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.