பில் வேண்டாமென்றால் குறைத்துக்கொள்ளலாம்

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் கிரீஸின் ஒரு தீவில் ஒரு சின்னத் தங்கும் விடுதி. மூன்று நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது உரிமையாளர் கார்டு மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ரொக்கமாகக் கொடுத்தால் பத்து சதவீதம் குறைத்துக்கொள்கிறேன்" என்றார். நல்ல மனிதர். ஏடிஎம் இருக்கும் இடத்தைத் தெருவரை வந்து காட்டினார். பணத்தை எடுத்துக் கொடுத்தேன். ரசீதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பேரம் பேசாமலே லாபம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஊர் திரும்பி போட்டோக்களைப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பு: ரசீது தராவிட்டால் நுகர்வோர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற ஆளுக்காகவே எழுதி மாட்டியது. அதன் கீழே நின்றுதான் நோட்டை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பத்து சதவீதம் அவர் கைக்காசு இல்லை. விலைக்குள் இருக்கும் வாட் வரியும், வருமானத்தில் காட்டாத தொகைக்கான வரியும் அவரிடமே தங்கிவிடும். அதில் ஒரு துளியை எனக்குக் கிள்ளிக் கொடுத்தார். இதற்குப் பெயர் தள்ளுபடி இல்லை, பங்கு. அந்தத் தீவின் சாலையில் மூன்று நாள் சுற்றியவன் நான், கால் பிசகியிருந்தால் அங்கேயுள்ள அரசு மருத்துவமனைக்குத்தான் போயிருப்பேன்.

இத்தாலியில் இன்னும் நைச்சியமாக நடக்கும். சாப்பிட்டு முடித்ததும் அச்சடித்த ஒரு சீட்டு வரும், பார்க்க அசல் பில் மாதிரியே இருக்கும். பொடி எழுத்தில் 'நோன் ஃபிஸ்காலே' என்றிருந்தால் அது வெறும் கணக்குச் சீட்டு, வரிக் கணக்கில் சேராது. அசல் ரசீதில் 'டொக்குமென்டோ கொமர்சியாலே' என்று இருக்கும். 2003 வரை அந்த நாட்டில் ரசீது இல்லாமல் கடையை விட்டு வெளியே வந்தால் வாடிக்கையாளருக்கும் அபராதம் உண்டு. தைவான் வேறு வழி பிடித்தது. 1951-லிருந்து அங்கே ரசீது எண்ணே லாட்டரி எண். சுற்றுலாப் பயணிக்கும் பரிசு விழலாம். மிரட்டுவதைவிட ஆசை காட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

"பெரிய கம்பெனிகள் கோடிகோடியாக ஒளிக்கின்றன, பாவம் இந்தச் சின்ன ஆள்மேலா பாய்வது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கம்பெனிகளைப் பற்றிச் சொல்வது உண்மைதான். ஆனால் எதிர்க்கடைக்காரரும் சின்ன ஆள்தான், அவர் ஒழுங்காக ரசீது போடுவதாலேயே அதிக விலை சொல்பவர்போலத் தெரிகிறார். நான் ரொக்கத்துக்கு எதிரியும் இல்லை. ரொக்கம் கொடுத்து ரசீது வாங்கினால் ஒரு குறையும் இல்லை. அப்புறம், ஐரோப்பாவில் வாங்கிய பொருளுக்கு விமான நிலையத்தில் வாட் திரும்பப் பெறுவது ஏய்ப்பு அல்ல, அது சட்டம் தரும் உரிமை.

போலீஸ் வேலை பார்க்கச் சொல்லவில்லை. போகிற நாட்டில் ரசீதுக்கு என்ன சொல் என்று தெரிந்துகொண்டால் போதும். இத்தாலியில் ஸ்கொன்ட்ரினோ, கிரீஸில் அபோதிக்ஸி.

அடுத்த பயணத்திலும் ஒரு விடுதியில் அதே பேச்சு வந்தது. கார்டிலேயே போடுங்கள் என்றேன். மெஷின் ரிப்பேர் என்றார்கள். சரி, ரொக்கமே தருகிறேன், முழுத் தொகைக்கும் ரசீது போடுங்கள் என்றேன். மெஷின் உடனே சரியாகிவிட்டது.