கால்பந்து வரலாறு எழுதிப் பிழைக்க முடியுமா?

சேலத்தில் உட்கார்ந்து கால்பந்து பற்றி எழுதுகிறவன் என்பதால் கல்லூரி முடித்த பையன்கள் அவ்வப்போது இன்பாக்ஸில் வந்து கேட்பார்கள், "அண்ணா, ஸ்போர்ட்ஸ் ஹிஸ்டோரியன் ஆகணும்னா என்ன படிக்கணும், சம்பளம் எவ்வளவு வரும்?" என்று. சம்பளம் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. இந்தியக் கால்பந்து வரலாறு என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் நோவி கபாடியா, 2021ல் காலமானார். அவ்வளவு பெரிய மனுஷனுக்கே மாதச் சம்பளம் கொடுத்தது டெல்லியில் ஒரு கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் வேலைதான். நமக்கெல்லாம் கேட்கவே வேண்டாம். ஒரு பத்திரிகை என்னிடம் பெரிய கட்டுரை கேட்டு வாங்கிக்கொண்டு, "பணம் இல்ல சார், ஆனா பேர் வரும்" என்றது. அதையும் தப்பாகத்தான் போட்டார்கள்.

ஆனால் என் கவலை காசு பற்றியது இல்லை. இங்கே தொழில்முறைக் கால்பந்து என்பதே உறுதியாக நிற்காத சமாச்சாரம். 1996ல் தேசிய லீக் தொடங்கியது, முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜேசிடி, அந்த அணியை 2011ல் கலைத்துவிட்டார்கள். 2005-06ல் ஜெயித்த மஹிந்திரா யுனைடெட் 2010ல் காலி. கொச்சியில் 1997ல் எஃப்சி கொச்சின் என்று ஒன்று வந்து அந்த வருடமே டியூரண்ட் கோப்பையைத் தூக்கியது, சில வருடத்தில் அதுவும் போச்சு. நம்ம பக்கத்துக் கதை இன்னும் கொடுமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி, 2018-19 சீசனின் கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று அடித்து, பழைய தேசிய லீகின் இடத்தில் வந்த ஐ-லீகை ஜெயித்தது. தமிழ்நாட்டு அணி ஒன்று அந்தக் கோப்பையை எடுத்தது அதுதான் முதல் தடவை, சேலத்திலிருந்து பஸ் ஏறினால் மூணு மணி நேரம். இன்றைக்கு அந்த அணி எந்த லீகிலும் இல்லை. 2025 ஜூலையில் நாட்டின் முதல்நிலை லீகான ஐஎஸ்எல்லையே (இந்தியன் சூப்பர் லீக்) ஒப்பந்தத் தகராறில் நிறுத்தி வைத்தார்கள், வீரர்கள் சம்பளம் வருமா வராதா என்று காத்துக் கிடந்தார்கள்.

சரி, ஒரு கிளப்பை மூடுகிறார்கள். ஆபீஸைக் காலி செய்கிறார்கள். அங்கே இருந்த டீம் ஷீட், ஒப்பந்தம், போட்டோ, வீடியோ எல்லாம் எங்கே போகிறது? யாருக்கும் தெரியாது. டொமைனுக்குப் பணம் கட்டவில்லை என்றால் வெப்சைட்டும் போய்விடும். 1911ல் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று ஜெயித்து ஐஎஃப்ஏ ஷீல்டு எடுத்ததைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கல்கத்தாவின் பழைய செய்தித்தாள்களாவது இருக்கின்றன. 2012ல் ஏதோ ஒரு இரண்டாம் டிவிஷன் ஆட்டத்தில் யார் கோல் போட்டார்கள் என்று தேடிப் பாருங்கள், தலை சுற்றும். நூறு வருடத்துக்கு முந்தியதைவிட நேற்று நடந்தது வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது, இதுதான் நான் சொல்ல வந்தது.

எழுதி வைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1950தான் உதாரணம். நாலு வருடத்துக்கு ஒருமுறை உலகக்கோப்பை வந்ததும் வாட்ஸ்அப்பில் சுற்றுமே, "வெறுங்காலில் ஆட விடாததால் இந்தியா உலகக்கோப்பைக்குப் போகவில்லை" என்று. கேட்கச் சுகமான கதை. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால் நமக்கு இடம் தானாகவே கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம் பெயரும் இருந்தது. செலவில் பெரும்பகுதியை ஏற்க பிரேசில் முன்வந்ததாகவும் பதிவு உண்டு. நம்ம சங்கத்துக்காரர்களுக்கு அப்போது ஒலிம்பிக்தான் பெரிசு, உலகக்கோப்பை இல்லை. அவ்வளவு தூரக் கப்பல் பயணத்துக்கும் தயக்கம். அதை மறைக்க ஷூ கதை நன்றாக உதவியது. இதை எத்தனையோ பேர் ஆதாரத்தோடு எழுதிவிட்டார்கள், இருந்தும் அடுத்த உலகக்கோப்பைக்கு அதே ஃபார்வர்டு என் சித்தப்பாவிடமிருந்தே வரும்.

நம்ம ஊருக்கு வருவோம். சேலம் என்றால் நடராஜன், சின்னப்பம்பட்டி, யார்க்கர். சந்தோஷம்தான், எனக்கும் பெருமைதான். ஆனால் காந்தி ஸ்டேடியத்தில் கால்பந்து ஆடி ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள். லீக் வருவதற்கு முன்னால் நமக்குத் தொழில்முறை ஆட்டம் என்றால் அதுதான்: ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் மாதிரி அணிகள், காலையில் பயிற்சி, அப்புறம் ஆபீஸில் ஒரு கையெழுத்து. அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் சொல்லும் ஸ்கோர் வருடத்துக்கு ஒரு கோல் கூடும், அதைச் செய்தித்தாளில் சரிபார்த்தே ஆக வேண்டும். அங்கேயும் ஒரு வம்பு. வெளிமாநிலப் பேப்பர்களில் நம் ஆட்கள் பெயர் வெறும் ராஜு, மணி, ராமன் என்று இருக்கும். எந்த மணி? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் பெயர் எஸ். ராமன் என்று சேலத்தில் நூறு பேரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? 1973ல் கேரளா முதல் முறையாக மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை வாங்கியபோது பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ், தமிழ்நாட்டுக்காரர், ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர். மலையாளிகளுக்கு அவரை நினைவிருக்கிறது, நாம்தான் கண்டுகொள்ளவில்லை.

அதனால் கேட்கிற பையன்களுக்கு என் பதில்: ஒரு வேலையில் சேர்ந்துகொள், அப்புறம் மலையாளமோ வங்காளமோ வாசிக்கக் கற்றுக்கொள், ஏனென்றால் இந்தியக் கால்பந்தின் பாதி ஆதாரம் அந்த இரண்டு மொழிப் பேப்பர்களில்தான் கிடக்கிறது. ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் என்று 1994லிருந்து ஒரு தளம் ஓடுகிறது, உலகம் முழுக்க லீக் முடிவுகளைச் சம்பளம் வாங்காத ஆட்கள் உட்கார்ந்து தட்டி ஏற்றுகிறார்கள், அதில் இந்தியப் பக்கங்களைப் பார்த்து எது விடுபட்டிருக்கிறது என்று குறித்துப் பழகு. புள்ளிவிவரம் மட்டும் போதாது, யார் எவ்வளவு சம்பளத்துக்கு ஆடினார், முட்டி போனதும் என்ன ஆனார் என்பதையும் கேட்க வேண்டும்.

கிளப் லைசென்ஸ் கொடுக்கும்போது மைதானம் இருக்கிறதா, யூத் டீம் இருக்கிறதா, கணக்கு தணிக்கை ஆனதா என்றெல்லாம் பார்க்கிறார்களே, சீசன் முடிந்ததும் ஆவணங்களின் ஒரு பிரதியை ஏதாவது பல்கலைக்கழக நூலகத்தில் கொடு என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? ஒரு வெளிநாட்டு வீரரின் ஒரு மாதச் சம்பளம்கூட ஆகாது. கேட்டால் சிரிப்பார்கள், தெரியும்.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். சேலம், மேட்டூர், ஆத்தூர், ஏற்காடு பக்கம் யார் வீட்டிலாவது பழைய கால்பந்து டீம் போட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தாத்தா இருக்கும்போதே உட்கார வைத்து யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் இடமிருந்து வலமாக முழுப்பெயரும் ஊரும் வருடமும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். ஃபோனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்பினால் போதும், ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும்.