ஒரு பாட்டை மாற்ற இத்தனை பாடா?

நான் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். ஓடும்போது போன் இடுப்புப் பையில் இருக்கும். பாட்டு அதிலிருந்து காதுக்குப் போகும். பிடிக்காத பாட்டு வந்தால், மணிக்கட்டில் ஒரு அமுக்கு, அடுத்த பாட்டு. கூடவே எத்தனை கிலோமீட்டர் ஓடினேன், என்ன வேகம், இதயத் துடிப்பு எவ்வளவு என்று வாட்ச் ஒழுங்காகப் பதிய வேண்டும். அவ்வளவுதான். இதற்காக மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக ஸ்பெக் படித்து, ஒப்பிட்டு, ஒரு ஸ்மார்ட்வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, இன்றைக்கும் நடு ஓட்டத்தில் நின்று பையின் ஜிப்பைத் திறந்து போனை எடுத்துத்தான் பாட்டை மாற்றுகிறேன்.

முதல் மோசடி வாட்ச் விளம்பரங்களில் வருகிற அந்த ‘மியூசிக்’ என்ற வார்த்தை. மோசடி என்று சொல்லக் கூடாதோ என்னவோ, எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அந்த ஒற்றை வார்த்தைக்குள் தனித்தனியாக மூன்று சமாசாரம் ஒளிந்திருக்கிறது. போனில் ஓடுகிற பாட்டை வாட்சிலிருந்து மாற்றுவது ஒன்று. எம்பி3 கோப்புகளை நாமே கம்ப்யூட்டரிலிருந்து வாட்சுக்குள் ஏற்றி, போனை வீட்டில் விட்டுவிட்டு ஓடுவது இன்னொன்று. ஸ்பாட்டிஃபை மாதிரி சந்தா கட்டுகிற ஆப்பிலிருந்து வாட்ச் தானே பாட்டை இறக்கி வைத்துக்கொள்வது மூன்றாவது. இதில் எது இருந்தாலும் விளம்பரத்தில் ஒரே ஒரு இசைக்குறிப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

2019-ல் கார்மின் கம்பெனியின் ஃபோர்ரன்னர் 245 என்ற ஓட்டக்காரர் வாட்ச் வந்தது. கூடவே ‘245 மியூசிக்’ என்று இன்னொன்றும் வந்தது. பெயரைப் பார்த்தால் என்ன தோன்றும்? வெறும் 245-க்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதானே? ஆனால் போன் பாட்டை அதிலும் மாற்றலாம். அந்த ‘மியூசிக்’ என்ற வாலுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு, பாட்டை வாட்சுக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ள. 2022-ல் 255, 2024-ல் 165 என்று பிறகு வந்தவற்றுக்கும் இதே வால் கதைதான். எனக்கு வேண்டியது வால் இல்லாத மாடலிலேயே இருக்கிறது என்று புரிய ஐந்து நாள் ஆனது. அதற்குள் வேறு ஒன்றை வாங்கித் தொலைத்திருந்தேன்.

நான் வாங்கியது எது என்று சொல்லப் போவதில்லை. பெரிய பளபள திரை, பக்கத்தில் ஒரே ஒரு பட்டன். அந்தப் பட்டனும் திரையை எழுப்பத்தான். மற்றதெல்லாம் விரலால் தேய்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது அற்புதமாக இருந்தது.

முதல் வாரம் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஆறாவது கிலோமீட்டரில், மூச்சும் காலும் ஒரு தாளத்துக்கு வந்திருக்கிற நேரத்தில், அழுது வடிகிற ஒரு சோகப் பாட்டு ஆரம்பித்தது. சரி, இதற்குத்தானே வாங்கினோம் என்று கையைத் தூக்கினேன். திரை தூங்குகிறது. பட்டனை அமுக்கினேன், விழித்தது. பாட்டுப் பக்கத்துக்குப் போக இடதுபுறம் தேய்க்க வேண்டும். தேய்த்தேன். விரல் வியர்வை, திரை வியர்வை, ஒன்றும் நகரவில்லை. சட்டையில் விரலைத் துடைக்கலாம் என்றால் சட்டை அதைவிட ஈரம். மறுபடி தேய்த்தேன். ‘முடிக்கவா, தொடரவா’ என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை நேராக ‘முடி’ மேல் விழுந்தது. முடித்துவிட்டது. 6.21 கிலோமீட்டர், அருமையான உழைப்பு என்று பட்டாசு வெடிக்கிற படம் வேறு. பாட்டு மட்டும் முடியவில்லை. சரணம் வரைக்கும் வந்துவிட்டது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. இந்தத் திரைகள் விரலின் மின்சாரத் தொடுகையை உணர்ந்துதான் வேலை செய்கின்றன. வியர்வை உப்புத் தண்ணீர், நன்றாகவே மின்சாரம் கடத்தும். சொட்டுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் திரை குழம்புகிறது. ஓடுகிறவனுக்கு வியர்க்கும் என்பது இந்தத் துறையில் இன்னும் ஒருவருக்கும் தெரியாதா? 1979-ல் வந்த வாக்மேனில் பட்டன் இருந்தது ஐயா. திரும்பிக்கூடப் பார்க்காமல் தடவியே அமுக்கலாம்.

திரை வேலை செய்கிற அபூர்வமான நாட்களில் அடுத்த கூத்து. பாட்டுப் பக்கம் திறக்கும், ‘எதுவும் ஒலிக்கவில்லை’ என்று சொல்லும். காதில் பாட்டு போய்க்கொண்டிருக்கிறது. காரணம் போனில். ஆண்ட்ராய்டில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று வாட்சுக்காகப் போனில் போட்ட ஆப் பார்த்து மாற்ற வேண்டுமானால், அதற்கு நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். அதாவது எனக்கு வரும் மெசேஜ், ஓடிபி எல்லாமே அதன் கண்ணில் படும். கொல்லைக் கதவைத் திறக்கச் சொன்னால் பீரோ சாவியையும் கொடு என்கிற கதை. சரி போ என்று அதையும் கொடுத்தேன். கொடுத்தும் பயன் இல்லை, ஏனென்றால் போன் தன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அந்த வாட்ச் ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடுகிறது. செட்டிங்ஸில் நாலு பக்கம் உள்ளே போய், இந்த ஆப்பை மட்டும் விட்டுவை என்று சொல்லி வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சேவை மையத்துக்கு எழுதினால், வாட்சை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறார்கள்.

ஆப்பிள் வாட்ச் வாங்க வேண்டியதுதானே என்று சிலர் கிளம்புவீர்கள். அது ஆண்ட்ராய்டு போனோடு சேரவே சேராது. ஒரு பாட்டை மாற்ற நான் போனையே மாற்ற வேண்டுமா? இயர்போனைத் தட்டினாலே பாட்டு மாறுமே என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஓட்டத்தில் அது காதிலிருந்து நழுவும், சரி செய்யக் கை வைத்தாலே பாட்டு நிற்கும், இல்லையென்றால் குரல் உதவியாளர் எழுந்து என்ன வேண்டும் என்று கேட்கும்.

பாட்டை விடுங்கள், ஓட்டத்தையாவது ஒழுங்காகப் பதிகிறதா? ஒரு நாள் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் மெதுவாக ஓடுகிறேன், துடிப்பு 174 என்கிறது. நெஞ்சில் ஒரு படபடப்பும் இல்லை. சந்தேகப்பட்டுக் காலடியை எண்ணினேன், நிமிடத்துக்கு 174. வாட்ச் என் இதயத்தை விட்டுவிட்டுக் காலை எண்ணிக்கொண்டிருக்கிறது! பச்சை விளக்கைத் தோலுக்குள் அடித்து, ரத்த ஓட்டத்தில் அந்த வெளிச்சம் மாறுவதை வைத்துத்தான் துடிப்பைக் கணக்கிடுகிறது. வாட்ச் தளர்ந்து கையோடு சேர்ந்து குலுங்கினால் அந்தக் குலுக்கலையே துடிப்பு என்று நினைத்துக்கொள்ளும். கொஞ்சம் இறுக்கி, மணிக்கட்டு எலும்புக்கு மேலே தள்ளிக் கட்டினால் குறைகிறது. சரியான எண் வேண்டுமென்றால் நெஞ்சைச் சுற்றிக் கட்டித் துடிப்பை அளக்கிற மார்புப் பட்டைதான். ஆனால் அந்தப் பொய்யான 174-ஐ வைத்து, மூன்று நாள் ஓய்வு எடு என்று எனக்கு உத்தரவு போட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜிபிஎஸ்ஸிலும் வார்த்தை விளையாட்டுதான். ‘கனெக்டட் ஜிபிஎஸ்’ என்று போட்டிருந்தால் ஏதோ கூடுதல் வசதி என்று மயங்க வேண்டாம். வாட்சில் ஜிபிஎஸ் இல்லை, போனிடம் கடன் வாங்குகிறது என்று அர்த்தம். பேட்டரி 14 நாள் என்று விளம்பரத்தில் போடுவதும் அப்படித்தான், அது சும்மா மணி காட்டிக்கொண்டு கிடந்தால் 14 நாள். முன்பு சொன்ன 245 மியூசிக்கில் ஜிபிஎஸ் மட்டும் என்றால் 24 மணி நேரம், உள்ளிருக்கும் பாட்டையும் கேட்டால் 6 மணி நேரம் என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். எல்லாரும் அப்படிப் போட்டால் என்ன, கை தேய்ந்துவிடுமா?

போட மாட்டார்கள். அதற்குப் பதில் நூற்றுச் சொச்சம் விளையாட்டு மோடு தருவார்கள். பட்டம் விடுவதற்கெல்லாம் மோடு இருக்கிறது. விமர்சன வீடியோ போடுகிறவர்களும் இருபது நிமிடம் பெட்டியைப் பிரிப்பார்கள், வார் எத்தனை நிறத்தில் வருகிறது என்பார்கள், வாட்ச் முகங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்கள். ஈரக் கையோடு ஓடிக்கொண்டே ஒரே ஒரு பாட்டை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூட அது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரோடு ஓடினேன். அவர் கையில் நாலைந்து வருஷப் பழைய வாட்ச், கண்ணாடி முழுக்கக் கீறல், ஐந்து பட்டன், திரையைத் தொட்டால் எதுவும் நடக்காது. பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்தாமல், குனிந்துகூடப் பார்க்காமல், இடது பக்கம் கீழே இருந்த பட்டனை அழுத்திப் பிடித்தார், இன்னொன்றை ஒரு தட்டு தட்டினார்.

“என்ன பண்ணீங்க?” என்றேன்.

“பாட்டு மாத்தினேன். ஏன், உங்க புதுசுல இது வராதா?”

மூச்சு வாங்குகிற மாதிரி கையைக் காட்டிவிட்டு முன்னால் ஓடிவிட்டேன்.